ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சன்: முதல் 5 தளங்களில் எங்கே சிக்கல்? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆண்ட்ராய்ட் ஃபோனில் இலவசம், விளம்பரம் கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும். அதனால்தான் பஸ்ஸிலும் ரயிலிலும் ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சனைத் திறந்து வைத்துக்கொண்டு நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டபூ என்ற பெயரில் எழுதும் ரஷ்ய டெவலப்பர் 2012-ல் வெளியிட்ட பிக்சல் டஞ்சனின் மூலநிரலை எடுத்து, எவன் டெபென்ஹாம் 2014-ல் தொடங்கிய கேம் இது. இன்றுவரை அப்டேட் வந்துகொண்டே இருக்கிறது. மொத்தம் 26 தளங்கள். கடைசித் தளத்தில் யெண்டோரின் தாயத்து. 1980-ல் வந்த 'ரோக்' கேமிலும் அதே தாயத்து, அதே 26-ஆம் தளம்.

புதிதாக ஆடுபவர்களில் பெரும்பாலோர் முதல் 5 தளங்களுக்குள்ளேயே, அதாவது சாக்கடைப் பகுதிக்குள்ளேயே சாகிறார்கள். செத்ததும் "லக் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டம். சாகிற நேரத்தில் பையில் என்ன இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். படிக்காத ஸ்க்ரோல் இரண்டு, குடிக்காத பொஷன் மூன்று, பாதி நிரம்பிய தண்ணீர்ப் பை. இங்கே வரும் சாவுகளில் முக்கால்வாசி இந்த வகைதான். கேம் கொடுத்திருக்கும், நாம் எடுத்துப் பயன்படுத்தியிருக்க மாட்டோம்.

கீழே உங்கள் தொல்லை எதுவோ அதைத் தேடிப் படியுங்கள். எண்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் கொஞ்சம் மாறலாம், அடிப்படை மாறாது.

அறிகுறி: செத்துப்போனேன், சேவ் ஃபைலைக் காணோம்

இது பிழை இல்லை. இந்த வகை கேமில் சாவு என்றால் சாவுதான், அந்த ஆட்டம் முடிந்தது. வெளியே போகும்போது கேம் தானாகவே சேவ் ஆகும். ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி முயல வழி கிடையாது. அடுத்த ஆட்டத்தில் தளங்களின் அமைப்பு, பொஷன்களின் நிறம், ஸ்க்ரோல்களின் எழுத்து எல்லாம் கலைந்து புதிதாக வரும். போன முறை சிவப்பு பொஷன் மருந்தாக இருந்தது என்று இந்த முறை சிவப்பைக் குடித்தால் தீப்பிடித்து ஓட வேண்டியிருக்கும்.

ஆங்க் என்று ஒரு பொருள் கையில் இருந்தால் ஒரு தடவை உயிர் திரும்பும். முதல் 5 தளங்களில் அதை நம்பி இறங்காதீர்கள்.

அறிகுறி: பாம்பை எத்தனை தடவை அடித்தாலும் படவே மாட்டேன் என்கிறது

புதியவர்களைக் கடுப்பேற்றுவதில் இதற்குத்தான் முதலிடம். சாக்கடைப் பாம்புக்கு உயிர் வெறும் 4 புள்ளிதான். ஒரு அடி பட்டால் பெரும்பாலும் காலி. ஆனால் விலகும் திறன் மிக அதிகம். முதல் லெவல் ஹீரோ நேருக்கு நேர் நின்று அடித்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றுதான் படும். நீங்கள் 'டாட்ஜ்' 'டாட்ஜ்' என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டே இருக்கும்.

தீர்வு கதவில் இருக்கிறது. எதிரி உங்களைப் பார்க்காத நேரத்தில் அடித்தால் அந்த அடி தப்பவே தப்பாது. விலகும் திறனெல்லாம் அங்கே செல்லாது. கேமில் இதற்கு சர்ப்ரைஸ் அட்டாக் என்று பெயர். தூங்குகிற எதிரியை அடித்தாலும் இதே கணக்குதான்.

செய்ய வேண்டியதை ஒவ்வொரு அடியாகச் சொல்கிறேன். பாம்பு துரத்துகிறது, நீங்கள் வந்த வழியில் ஒரு கதவு இருக்கிறது. கதவைத் தாண்டி உள்ளே போங்கள். கதவுக் கட்டத்தில் நிற்காதீர்கள், அங்கே நின்றால் கதவு திறந்தே இருக்கும். கதவை ஒட்டியிருக்கும் கட்டங்களில் ஒன்றில், நேராகவோ மூலையிலோ, நில்லுங்கள். ஆள் நகர்ந்ததும் கதவு மூடிக்கொள்ளும். பாம்புக்கு இப்போது உங்களைத் தெரியாது. காத்திருக்கும் பட்டனை ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள். கதவு திறந்து பாம்பு கதவுக் கட்டத்தில் தெரிகிற அந்த டர்னிலேயே (டர்ன் என்பது ஆட்டத்தில் உங்கள் ஒரு முறை) அடியுங்கள். ஒரு டர்ன் தாமதித்தாலும் அது உங்களைப் பார்த்துவிடும், மறுபடி பழைய கதைதான்.

இந்த ஒரு வித்தை கையில் படிந்தாலே முதல் 4 தளம் பாதி சுலபம். பாம்புக்கு மட்டுமல்ல, நோல், எலி, நண்டு எல்லாவற்றுக்கும் முதல் அடியை இலவசமாக வாங்கித் தரும். அதோடு, ஆட்டத்தில் தேர்ந்தெடுக்கும் ஹீரோக்களில் ஒருவரான ரோக் திறப்பதே இப்படிப் பதுங்கி அடித்த அடிகளைச் சேர்த்துத்தான்.

பக்கத்தில் கதவே இல்லையென்றால் உயரமான புல் உதவும். அதுவும் பார்வையை மறைக்கும். ஆனால் நீங்கள் மிதித்த புல் மடங்கிவிடும் என்பதால் மிதிக்காத புல் நடுவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நண்டைக் கண்டு ஓடினேன், முதுகில் அடி வாங்கிச் செத்தேன்

சாக்கடை நண்டு உங்களைவிட இரண்டு மடங்கு வேகமாக நகரும். ஓடினால் நீங்கள் ஒரு கட்டம் வைப்பதற்குள் அது இரண்டு கட்டம் வந்திருக்கும். ஓடுகிற டர்னெல்லாம் நீங்கள் அடிக்காத டர்ன். அதனால் நண்டு தெரிந்ததுமே முடிவெடுத்துவிடுங்கள். அது தூரத்தில் இருக்கும்போதே கையில் உள்ள எறியும் ஆயுதங்களை எறியுங்கள். குவிக்ஸ்லாட்டில் (திரையில் உள்ள குறுக்குவழிப் பட்டன்) வைத்திருந்தால் அதை இரண்டு தடவை தட்டினால் போதும், தானாகவே பக்கத்து எதிரியைக் குறிவைக்கும். வாரியர் கையில் ஆரம்பத்திலேயே எறியும் கற்கள் இருக்கின்றன, பையில் தூங்கவிட வேண்டாம். பிறகு கதவருகே நின்று ஒரு பதுங்கடி. மிச்சத்தை நின்று முடித்துவிடுங்கள்.

ஈக்கூட்டம் வேறு மாதிரி. அடித்தால் இரண்டாகப் பிரியும். வெட்டவெளியில் நின்றால் எட்டுப் பக்கமும் சூழ்ந்துவிடும். குறுகலான நடையில் நின்றால் ஒன்றுதான் முன்னால் வர முடியும். ஈக்களிடமிருந்து ஹீலிங் பொஷன் விழ வாய்ப்பு உண்டு, அதனால் பயந்து விலகிப் போக வேண்டியதில்லை. இடம் பார்த்து நின்றால் சரி.

அறிகுறி: உயிர் ஏறவே மாட்டேன் என்கிறது, ஓய்வெடுத்தால் பசிக்கிறது

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆரம்பத்தில் எல்லா ஹீரோவுக்கும் 20 உயிர்ப் புள்ளிகள். சும்மா இருந்தால் தோராயமாக 10 டர்னுக்கு ஒரு புள்ளி ஏறும். 5 புள்ளியில் தவழ்ந்து வந்து 20 ஆகும்வரை படுத்துக்கிடந்தால் 150 டர்ன். பசி சின்னம் வருவது 300 டர்னில், பட்டினி 450-ல். ஒரு ரேஷன் சாப்பிட்டால் 300 டர்ன் பசி அடங்கும். ஆக, ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு முழுசாகத் தேறும்வரை படுத்தால் ஒரு ரேஷனில் பாதி போய்விடும்.

ஓய்வே கூடாது என்று சொல்லவில்லை. ஓய்வுக்கு முன் பனித்துளியைப் பாருங்கள். உயரமான புல்லை மிதித்தால் பனித்துளியும் விதைகளும் கிடைக்கும். துளி முதலில் தண்ணீர்ப் பையில் சேரும், பை நிறைந்திருந்தால்தான் அங்கேயே மருந்தாகும். பை 20 துளி கொள்ளும். ஒவ்வொரு துளியும் மொத்த உயிரில் 5 சதவீதம், அதாவது நிறைந்த பை ஒரு முழு ஹீலிங் பொஷனுக்குச் சமம். தளத்தை விட்டுக் கீழே இறங்கும் முன் மிதிக்காத புல் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். பை நிறையட்டும் என்று சேர்த்துக்கொண்டே போய், அது நிறையும் முன்பே செத்துப்போகிறவர்கள் ஏராளம். உயிர் பாதிக்குக் கீழே போய் எதிரி இன்னும் நிற்கிறதென்றால் குடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு நுணுக்கம். 'ஹங்ரி' என்று சின்னம் வந்தாலும் அதனால் எந்தச் சேதமும் இல்லை. ரேஷனை அந்தச் சின்னம் வந்த பிறகு சாப்பிடுங்கள், அப்போதுதான் அந்த 300-உம் வீணாகாது. முன்கூட்டியே சாப்பிட்டால் வித்தியாசம் காற்றில் போகும். பேஸ்டி என்ற பெரிய சாப்பாடு 450 அளவு நிரப்பும், அதைப் பட்டினிக்குச் சற்று முன்வரை தள்ளிப்போடலாம். 'ஸ்டார்விங்' வந்துவிட்டால் உயிர் ஏறுவது நின்றுபோகும், குறையவும் தொடங்கும். அதுவரை விடாதீர்கள்.

எதிரியிடமிருந்து விழும் மர்ம இறைச்சியைப் பச்சையாகத் தின்றால் எரிச்சல், விஷம், கால் கட்டுப்படுதல், மந்தம் என்று ஏதாவது ஒன்று பிடிக்கும். ஐந்தில் ஒரு தடவைதான் சும்மா தப்பிப்பீர்கள். தீ எரிகிற கட்டத்தில் எறிந்தால் வெந்துவிடும். ரசவாதப் பானை கண்ணில் பட்டால் அதில் போட்டும் சமைக்கலாம்.

ஒரே தளத்தில் சுற்றி எலி அடித்து லெவல் ஏற்றலாம் என்ற யோசனையும் செல்லாது. ஒரு எல்லைக்கு மேல் சின்ன எதிரிகளிடமிருந்து அனுபவப் புள்ளி வராது, பசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: என்னவென்று தெரியாத பொஷனும் ஸ்க்ரோலும் பை நிறையக் கிடக்கின்றன, தொட பயமாக இருக்கிறது

பயம் நியாயம்தான். ஆனால் பயத்தைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட அது விலை கூடிக்கொண்டே போகும். முதல் இரண்டு தளத்தில் விஷ வாயு வந்தால் வெளியே நடந்துவிடலாம். 7-ஆம் தளத்தில் சிறைக் காவலன் எதிரே நிற்கும்போது பரிசோதித்தால் அதோடு முடிந்தது.

ஸ்க்ரோலில் பெரிய ஆபத்து இல்லை. தளத்தின் எதிரிகளை முடித்துவிட்டு, உயிர் நிறைந்திருக்கும்போது, கதவருகே நின்று படியுங்கள். ரேஜ் வந்தால் தளத்தில் மிச்சமிருப்பவை எல்லாம் உங்களை நோக்கி வரும், கதவருகே நிற்பது அதற்காகத்தான். லல்லபை வந்தால் நீங்களும் தூங்கிப்போவீர்கள், பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கவலை இல்லை. டெலிபோர்ட் எங்கேயாவது கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். ஒரு விஷயம்: படிக்கும் முன், கண்டெடுத்த ஆயுதம், மோதிரம், மந்திரக்கோல் ஏதாவது பையில் இருக்கட்டும். அடையாளம் காட்டும் ஸ்க்ரோலாக இருந்தால் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமே.

பொஷனுக்குத்தான் இடம் பார்க்க வேண்டும். எதிரி இல்லாத தளம், முழு உயிர், கதவை ஒட்டி நிற்கிறீர்கள், நாலைந்து கட்டத்துக்குள் தண்ணீர், காலடியில் புல் கூடாது. இப்போது குடியுங்கள். விஷ வாயு என்றால் கதவைத் தாண்டிப் போய் அது மூடிக்கொள்ள விடுங்கள், வாயு உள்ளேயே அடைபடும். தீ என்றால் தண்ணீருக்கு ஓடுங்கள், தண்ணீரில் கால் வைத்ததும் அணையும். தாமதித்தால் பையிலிருக்கும் ஸ்க்ரோலும் கருகலாம். உடலை மரத்துப்போகச் செய்யும் வாயு என்றால் சில டர்ன் அசையாமல் நிற்பீர்கள், எதிரி இல்லாததால் ஒன்றும் ஆகாது. இந்த மூன்றையும் ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் அடுத்த பாட்டிலை எதிரி மேல் எறியலாம். இரண்டு, மூன்று பேர் சேர்ந்து நிற்கும் நடையில் ஒரு லிக்விட் ஃப்ளேம் (அந்தத் தீ பொஷன்) எறிந்து பாருங்கள், அப்புறம் அதை யாரும் கெட்ட பொஷன் என்று சொல்ல மாட்டார்கள்.

ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஆரம்பத்திலேயே சில வகைகள் தெரிந்திருக்கும். வாரியருக்கு ஹீலிங் பொஷன் தெரியும். அதனால் வாரியராக ஆடும்போது "இது ஹீலிங்காக இருக்குமோ" என்று தெரியாத பொஷனைப் பதுக்கி வைப்பதில் அர்த்தமே இல்லை. ஹீலிங் என்றால் எடுத்தவுடனேயே பெயர் காட்டியிருக்கும்.

அறிகுறி: 5-ஆம் தளம் வந்தாயிற்று, ஆனால் ஆள் இன்னும் நோஞ்சான்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கேம் எல்லாவற்றையும் குருட்டுத்தனமாக இறைப்பதில்லை. ஒவ்வொரு 5 தளத் தொகுதிக்கும் 3 அப்கிரேட் ஸ்க்ரோல் (ஒரு பொருளை மேம்படுத்துவது), 2 ஸ்ட்ரெங்த் பொஷன் (வலிமையைக் கூட்டுவது) கட்டாயம் வைத்திருக்கும். முதல் தொகுதியில் இவை எல்லாமே 4-ஆம் தளத்துக்குள் வந்துவிடும், ஏனென்றால் 5-ஆம் தளம் பாஸுக்கானது, அதாவது தொகுதியின் கடைசிப் பெரிய எதிரிக்கானது. ஹீரோவின் ஆரம்ப வலிமை 10. ஆக, 5-ஆம் தளத்தின் படியில் நிற்கும்போது உங்கள் வலிமை 12 ஆக இருக்க வேண்டும், 3 அப்கிரேட் பயன்படுத்தியிருக்க வேண்டும் அல்லது கையில் இருக்க வேண்டும்.

ஹீரோவின் படத்தைத் தட்டி வலிமையைப் பாருங்கள். 11 என்று இருந்தால் ஒரு ஸ்ட்ரெங்த் எங்கேயோ விட்டுப்போயிற்று. முதலில் பையில் தேடுங்கள், குடிக்காத பொஷன் ஏதாவது அதுவாக இருக்கலாம். பையிலும் இல்லையென்றால் மேல்தளம் ஒன்றில் நீங்கள் திறக்காத அறை இருக்கிறது. பூட்டிய அறைகளுக்குள் இருக்கும் பரிசாகவே இந்தப் பொருட்களைக் கேம் சில நேரம் வைத்துவிடும். மேலே ஏறிப் போய்த் தேடுவது மதிப்புள்ள வேலை. பசி இடம் கொடுத்தால் போங்கள்.

அடுத்தது, அந்த 3 அப்கிரேடை எங்கே போட்டீர்கள்? கத்திக்கு ஒன்று, கவசத்துக்கு ஒன்று, புதிதாகக் கிடைத்த மந்திரக்கோலுக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டிருந்தால் நோய் அதுதான். ஒரே பொருளில் குவியுங்கள். எந்தப் பொருள் என்பதில் பழகியவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம் உண்டு. புதியவருக்கு நான் கவசம் என்றே சொல்வேன். ஆயுதத்தை மேம்படுத்தினால் சண்டை சீக்கிரம் முடியும், கவசத்தை மேம்படுத்தினால் தப்பான முடிவு எடுத்த பிறகும் இன்னும் நாலு டர்ன் யோசிக்க நேரம் கிடைக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்த நாலு டர்ன் பெரிய விஷயம்.

வாரியருக்கு இதில் ஒரு சலுகை. அவர் கவசத்தில் ஒட்டியிருக்கும் உடைந்த முத்திரையைக் கழற்றி வேறு கவசத்தில் ஒட்டலாம், கூடவே ஒரு அப்கிரேடையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் முதல் ஸ்க்ரோலைத் துணிக் கவசத்தில் போடத் தயங்க வேண்டாம். முதல் அப்கிரேடைப் பயன்படுத்தியதும் மேஜ் (மந்திரவாதி) ஹீரோவும் திறந்துவிடும்.

அறிகுறி: நல்ல கனமான கவசம் போட்டேன், அதன் பிறகு நிலைமை மோசமாகிவிட்டது

ஒவ்வொரு கவசத்துக்கும் தேவையான வலிமை உண்டு. துணிக்கு 10, தோலுக்கு 12, சங்கிலிக் கவசத்துக்கு 14, செதில் கவசத்துக்கு 16, பிளேட்டுக்கு 18. உங்கள் வலிமை குறைவாக இருந்தால், குறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் நடை மெதுவாகும், விலகும் திறனும் சரியும். ஆயுதத்தில் இதே குறை இருந்தால் குறி தவறும், வீச்சும் தாமதமாகும்.

வலிமை 11 ஆளுக்குச் செதில் கவசம் கிடைத்தால் 5 புள்ளி பற்றாக்குறை. அதைப் போட்டுக்கொண்டு நண்டிடம் மாட்டினால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஒரு புள்ளி குறைவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அப்கிரேடும் இந்தத் தேவையைக் குறைக்கும்: முதல் அப்கிரேடில் 1, மூன்றாவதில் மொத்தம் 2. அதனால் வலிமை 12, மூன்று அப்கிரேட் போட்ட சங்கிலிக் கவசம் என்றால் கணக்கு சரியாக வந்து நிற்கும். 5-ஆம் தளத்துக்கு இதைவிட நல்ல சட்டை எதிர்பார்க்க முடியாது.

போட்ட கவசம் கழற்றவே வரவில்லை என்றால் அது சபிக்கப்பட்டது. ரிமூவ் கர்ஸ் ஸ்க்ரோல் அதற்கு மருந்து, அப்கிரேட் ஸ்க்ரோலும் சாபத்தைத் தளர்த்தக்கூடும். தரையில் கிடந்ததை மாட்டும் முன் சபிப்பு இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்குவது, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லும் கண்ணாடிப் பெட்டி அறையில் இருப்பது, ஆவி (கீழே வரும்) கொடுப்பது, இவற்றில் அந்தப் பயம் இல்லை. எலும்புக்கூட்டுக் குவியலையும் கல்லறையையும் கிளறினால் பேய் எழும்பலாம், உயிர் குறைவாக இருக்கும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அறிகுறி: கீழே போகும் படியைக் காணோம், கதவு பூட்டியிருக்கிறது, சாவி இல்லை

படி இல்லாத தளம் கிடையாது, கதவு ஒளிந்திருக்கிறது. வரைபடத்தைத் திறந்து, எங்கேயும் போகாமல் முட்டுச்சந்தாக நிற்கும் நடையைத் தேடுங்கள். அதன் நுனியில் போய் நின்று பூதக்கண்ணாடி பட்டனை இரண்டு தடவை தட்டினால் சுற்றுப்புறத்தைத் தேடும். ஒவ்வொரு தேடலுக்கும் நேரமும் பசியும் செலவு. சுவருக்குச் சுவர் தேடிக்கொண்டு நடக்க வேண்டாம்.

பூட்டிய கதவுக்கான இரும்புச் சாவி அதே தளத்தில்தான் இருக்கும். வேறு தளத்துச் சாவி இங்கே சேராது. எங்கே என்று தெரியவில்லையென்றால், அந்தத் தளத்தில் நீங்கள் நுழையத் தயங்கிய அறை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சாவி பெரும்பாலும் அங்கேதான்.

அந்தத் தயங்க வைக்கும் அறைகளுக்குத் தீர்வையும் கேமே அதே தளத்தில் ஒரு பொஷனாக வைத்திருக்கும். மரத் தடுப்பு போட்டு அடைத்த அறைக்கு லிக்விட் ஃப்ளேம். பிரான்ஹா மீன்கள் நீந்தும் குளத்துக்கு இன்விசிபிலிட்டி (கண்ணில் படாமல் மறைப்பது). தரை முழுக்கப் பொறி அல்லது பள்ளம் என்றால் லெவிடேஷன் (மிதக்க வைப்பது). அணையாத தீ மறிக்கும் அறைக்கு ஃப்ராஸ்ட் (உறைய வைப்பது). விஷ வாயு நிரம்பிய அறைக்கு ப்யூரிட்டி (காற்றைச் சுத்தமாக்குவது).

இதில் ஒரு துப்பறியும் வேலையும் ஒளிந்திருக்கிறது. 2-ஆம் தளத்தில் மரத் தடுப்பு பார்க்கிறீர்கள், அதே தளத்தில் இதுவரை பார்க்காத நிறத்தில் ஒரே ஒரு பொஷன் கிடைக்கிறது. அது லிக்விட் ஃப்ளேமாக இருக்க நல்ல வாய்ப்பு. குடித்துப் பார்ப்பதற்குப் பதில் தள்ளி நின்று தடுப்பின் மேல் எறியுங்கள். தடுப்பும் எரியும், பொஷனும் அடையாளம் தெரியும், உங்கள் மேலும் தீ இல்லை. ஆனால் புது நிறத்தில் இரண்டு மூன்று கிடைத்திருந்தால் இந்த ஊகம் பலவீனம். ஸ்ட்ரெங்த்தை எறிந்து உடைத்தால் அது போனதுதான். தளம் முழுக்கச் சுற்றி முடித்த பிறகே பொஷன் பரிசோதனை வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான், தடுப்பைப் பார்க்கும் முன்பே தீயைக் குடித்து வீணாக்கிவிடக் கூடாது.

அறிகுறி: சோகமான ஆவி ஒன்று வேலை கொடுத்தது, செய்யப் போய் அடி வாங்கினேன்

2-இலிருந்து 4-க்குள் ஏதோ ஒரு தளத்தில் இந்த ஆவி வரும். எந்தத் தளம் என்பதைப் பொறுத்து எதிரி மாறும். 2-ஆம் தளத்தில் நாற்றமெடுத்த எலி: அடிபட்டால் வாயு கிளம்பும், அதை சுவாசித்தால் உடல் மரத்துவிடும். தள்ளி நின்று எறியுங்கள், வாயு வந்தால் பின்வாங்குங்கள். 3-இல் நோல் தந்திரக்காரன்: தூரத்திலிருந்து ஈட்டி எறிவான், நேரம் ஆக ஆக ஈட்டி மோசமாகிக்கொண்டே போகும். பார்வையிலிருந்து மறைந்து மூலையில் வைத்து அடியுங்கள். 4-இல் பெரிய நண்டு: தன் கண்ணுக்குத் தெரிந்து வரும் எந்த அடியையும் கொடுக்கால் தடுத்துவிடும். அதற்குக் கதவு வித்தை ஒன்றே வழி. முடித்துவிட்டு ஆவியிடம் திரும்பினால் ஒரு ஆயுதம் அல்லது ஒரு கவசம், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். முடியாது என்று தோன்றினால் விட்டுவிட்டுப் போகலாம், தண்டனை ஒன்றும் இல்லை.

அறிகுறி: 5-ஆம் தளத்து பாஸ் 'கூ' ஒரே அடியில் கொன்றுவிட்டது

அந்த ஒரே அடிக்கு முன்னால் கேம் எச்சரித்திருக்கும். கூ தன்னை ஊதிப் பெருக்கிக்கொள்கிறது என்று செய்தி வரும், அதைச் சுற்றிய கட்டங்களில் கருப்புத் துளிகள் தெறிக்கும். அந்தத் துளி விழும் கட்டங்களில் நிற்கிறவருக்குத்தான் அந்தப் பெரிய அடி. செய்தி வந்த டர்னிலேயே அடிப்பதை நிறுத்திவிட்டு விலகுங்கள். இரண்டு கட்டம் வரை எட்டும், அதைத் தாண்டிவிட்டால் கூ உங்களை நோக்கி நகரும், சேர்த்த ஊதல் வீணாகும். திரும்ப வந்து அடியுங்கள். "இன்னும் ஒரே ஒரு அடி" என்று நிற்பதுதான் இங்கே எல்லோரையும் கொல்கிறது.

இரண்டாவது காரணம் தண்ணீர். கூ தண்ணீரில் நின்றால் டர்னுக்கு டர்ன் உயிர் ஏறும். 100 புள்ளியில் பாதியைக் குறைத்திருப்பீர்கள், குளத்தில் நின்று அது திரும்ப வாங்கிக்கொள்ளும். உலர்ந்த இடத்துக்கு இழுத்து வந்து அடியுங்கள். அதே நேரம் அதன் சளி உங்கள் மேல் ஒட்டினால் கழுவ உங்களுக்கும் தண்ணீர் வேண்டும். போய்க் கால் நனைத்துவிட்டு உடனே உலர்ந்த தரைக்குத் திரும்புங்கள், கூவும் பின்னாலேயே வந்துவிடும்.

பாதி உயிருக்குக் கீழே போனதும் அது ஆவேசமாகும். வைத்திருந்த எறியும் ஆயுதம், லிக்விட் ஃப்ளேம், குண்டு எல்லாவற்றையும் எறிய வேண்டிய நேரம் இதுதான். தீ எறிவதென்றால் கூ உலர்ந்த தரையில் நிற்கும்போது எறியுங்கள், தண்ணீரில் அணைந்துவிடும். நிறைந்த தண்ணீர்ப் பையோடு இந்தத் தளத்துக்கு வாருங்கள்.

அறிகுறி: கூவைக் கொன்றேன், 6-ஆம் தளத்தில் திருடன் பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான்

இனி சிறைப் பகுதி. திருடன் ஒரு பொருளைப் பறித்துக்கொண்டு ஓடுவான், கொன்றால் திரும்பக் கிடைக்கும். துரத்தி ஓடுவதைவிட அவன் பார்வையில் இருக்கும்போதே எறிந்து வீழ்த்துவது பலன் தரும். அவன் வருவது தெரிந்தால் கதவருகே நின்று முதல் அடியை நீங்கள் அடித்துவிடுங்கள். இங்கே எலும்புக்கூடுகள் சாகும்போது வெடிக்கும், கடைசி அடியைத் தள்ளி நின்று எறிந்து முடித்தால் சிதறல் படாது.

6-ஆம் தளத்தில் கடை இருக்கிறது. இதுவரை சேர்த்த தங்கத்துக்கு வேறு வேலையே கிடையாது, பயன்படுத்தாத ஆயுதங்களையும் அங்கே விற்றுவிடலாம். முதலில் சாப்பாடு, மிச்சத்துக்கு ஹீலிங். அடுத்த கடை 11-ஆம் தளத்தில்தான்.